செக்வோயாவின் மரவீடு: ஒரு வரலாற்றுக் கழகத்தின் பணியும் செரோக்கி எழுத்து மரபும்

1. முன்னுரை

மொழிக்குத் தொண்டாற்றியவர்கள் வாழ்ந்த வீடுகளை நினைவிடங்களாகப் பேணுவது பல நாடுகளில் காணப்படும் வழக்கமாகும். சாமுவேல் ஜான்சன் தம் ஆங்கில அகராதியைத் தொகுத்த இலண்டன் காஃப் சதுக்க வீடும், நோவா வெப்ஸ்டர் பிறந்த மேற்கு ஹார்ட்ஃபோர்டு வீடும் இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இவ்வீடுகள் அழிந்து போயிருந்தாலும் ஆங்கில மொழிக்கு இழப்பு ஏதும் நேர்ந்திராது. அவற்றைப் பேணுவது பெரியோரை நன்றியுடன் நினைத்தல் என்னும் அளவில் நின்றுவிடுகிறது.

பேசுவோர் அருகி வரும் மொழி ஒன்றின் எழுத்தைப் படைத்தவருடைய வீடு இவற்றினின்றும் வேறுபட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஓக்லகோமா மாநிலத்தில், சாலிசா நகருக்கு வடகிழக்கே, ஏகின்ஸ் என்னும் சிற்றூருக்கு அருகில் ஓரறை மரவீடு ஒன்று உள்ளது. செரோக்கி அசையெழுத்தைப் படைத்த செக்வோயா 1829ஆம் ஆண்டில் கட்டியது இது. இதனை 1936 முதல் எண்பது ஆண்டுகள் ஓக்லகோமா வரலாற்றுக் கழகம் பேணியது. 2016ஆம் ஆண்டு நவம்பரில் இது செரோக்கி மக்களின் அரசிடமே சென்று சேர்ந்தது.

வரலாற்றுக் கழகம் ஒன்று ஒரு மக்களுடைய மரபில் எதனைக் காக்க இயலும், எதனைக் காக்க இயலாது என்னும் வினாவுக்கு இவ்வீட்டின் வரலாறு தெளிவான விடை தருகிறது. அவ்விடையைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. வீட்டுக்கு உரியவர்

செக்வோயா பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய டென்னசி மாநிலத்தில் லிட்டில் டென்னசி ஆற்றங்கரையிலிருந்த டஸ்கீகி என்னும் செரோக்கி ஊரில் பிறந்தார். ஆங்கில ஆவணங்களில் ஜார்ஜ் கிஸ்ட் என்றும் ஜார்ஜ் கெஸ் என்றும் குறிக்கப்படுகிறார். வெள்ளி வேலை செய்யும் கைவினைஞராக வாழ்ந்தவர்; கால் ஊனமுற்றவர்; 1813-14ஆம் ஆண்டுகளில் நடந்த கிரீக் போரில் பங்கு கொண்டவர். ஆங்கிலத்தைப் பேசவோ படிக்கவோ அறியாதவர்.

வெள்ளையர் தாளில் எழுதிய குறிகளைக் கொண்டு தொலைவிலிருப்போருக்குச் செய்தி அனுப்புவதைக் கண்ட அவர், தம் மொழிக்கும் அத்தகைய குறிகளை ஆக்க 1809ஆம் ஆண்டளவில் முயன்றார். முதலில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி அமைத்தார். குறிகள் அளவின்றிப் பெருகவே அம்முறையைக் கைவிட்டுச் சொற்களை அசைகளாகப் பகுத்தார். 1821இல் பணி நிறைவுற்றது. அவர்தம் மகள் அயோக்காவே அவ்வெழுத்தை முதலில் கற்றவர். தந்தையையும் மகளையும் வெவ்வேறு இடங்களில் இருத்தி, ஒருவர் எழுதியதை மற்றவரைக் கொண்டு படிக்கச் செய்து செரோக்கித் தலைவர்கள் சோதித்தனர் என்று கூறுவர். 1825இல் செரோக்கி அரசு இவ்வெழுத்தை ஏற்றுக்கொண்டது. எந்த மொழியிலும் எழுத்தறிவு பெற்றிராத ஒருவர் முழுமையான எழுத்துமுறை ஒன்றைத் தனியே ஆக்கினார் என்பதால் எழுத்தியல் வரலாற்றில் இந்நிகழ்ச்சிக்குச் சிறப்பிடம் உண்டு.

செக்வோயாவின் வாழ்க்கையோடு தொடர்புடைய இடங்களுள் இரண்டு இன்று காண இயலாதவை. அவர் பிறந்த டஸ்கீகி ஊர், 1979இல் டெல்லிகோ அணை மூடப்பட்டபோது நீரில் மூழ்கியது. 1842இல் மெக்சிகோவில் வாழ்ந்த செரோக்கியரைத் தேடிச் சென்ற அவர் 1843இல் அங்கேயே இறந்தார். அவரது கல்லறை கண்டறியப்படவில்லை. பிறந்த இடத்துக்கும் இறந்த இடத்துக்கும் இடையில், அவர் வாழ்ந்தமைக்குக் கண்கூடான சான்றாக நிற்பது ஓக்லகோமாவிலுள்ள இம்மரவீடே ஆகும்.

3. எழுத்தின் அமைப்பு

செக்வோயா அமைத்த 86 எழுத்துகளில் 85 அச்சில் நிலைபெற்றன. செரோக்கியில் ஆறு உயிர்கள் உண்டு. அவற்றுள் ஒன்று மூக்கொலி உயிர். தனித்து வரும் உயிர்களுக்கு ஆறு எழுத்துகளும், 'ஸ்' என்னும் மெய்க்கு ஓர் எழுத்தும் உள்ளன. எஞ்சியவை மெய்யும் உயிரும் சேர்ந்த அசைகளைக் குறிக்கின்றன.

தமிழ் உயிர்மெய் எழுத்துகளோடு இதனை ஒப்பிட்டால் அடிப்படை வேறுபாடு புலனாகும். தமிழில் க, கி, கு ஆகியவற்றுக்குப் பொதுவான வரிவடிவம் ஒன்று உள்ளது. உயிர் வேறுபாட்டைத் துணைக்குறிகள் காட்டுகின்றன. செரோக்கியில் இம்மூன்று அசைகளுக்கும் வடிவத் தொடர்பற்ற மூன்று தனி எழுத்துகள் உள்ளன. சில வடிவங்கள் உரோமன் எழுத்துகளை ஒத்திருப்பினும் ஒலியால் வேறுபடுகின்றன. ஆங்கில 'ஆர்' எழுத்தை ஒத்த வடிவம் 'எ' என்றும், 'டபிள்யூ' எழுத்தை ஒத்தது 'ல' என்றும் ஒலிக்கப்படும்.

எழுத்தில் காட்டப்படாத கூறுகளும் உள்ளன. உயிரின் குறில் நெடில் வேறுபாட்டையும், பொருளை வேறுபடுத்தும் தொனியையும் இவ்வெழுத்துமுறை குறிப்பதில்லை. 'த' வரிசையில் சில உயிர்களின் முன் மட்டுமே மூச்சொலி உள்ளதும் இல்லதுமாகிய மெய்களுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு. 'க' வரிசையில் ஓர் உயிரின் முன் மட்டுமே அவ்வேறுபாடு காட்டப்படுகிறது. எனவே எழுதப்பட்ட சொல்லைச் சரியாக ஒலிப்பதற்கு மொழியை முன்பே அறிந்திருத்தல் வேண்டும். செரோக்கி பேசுவோருக்கு இது குறையாகத் தோன்றவில்லை. தாய்மொழியாளர் சில நாள்களிலேயே இதனைக் கற்றுக்கொண்டனர். மொழியறியாதவருக்கோ இவ்வெழுத்து பாதி திறந்த கதவாகவே இருக்கிறது. இவ்வியல்பு பின்வரும் வரலாற்றில் முதன்மை பெறுகிறது.

4. அச்சும் புலப்பெயர்வும்

1828ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள், இன்றைய ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த நியூ எக்கோட்டாவிலிருந்து 'செரோக்கி பீனிக்ஸ்' என்னும் வார இதழ் வெளிவரத் தொடங்கியது. எலியாஸ் பவுடினாட் அதன் ஆசிரியர். மறைப்பணியாளர் சாமுவேல் வொர்செஸ்டர் அவருக்குத் துணை நின்றார். எழுத்துகள் பாஸ்டனில் வார்க்கப்பட்டன. ஆங்கிலமும் செரோக்கியும் ஒரே தாளில் இடம்பெற்றன. பீனிக்ஸ் என்னும் பறவைக்குச் செரோக்கியில் சொல் இல்லாமையால், வீழ்ந்தபின் மீண்டும் எழுந்தது என்னும் பொருள்படும் செரோக்கித் தொடர் இதழின் பெயராக அமைந்தது. பெயரை விடுத்துப் பெயரின் உட்கருத்தை மொழிபெயர்த்தமைக்கு இது நல்ல எடுத்துக்காட்டு. செரோக்கி மொழியின் இதழியல் இவ்வாறு மொழிபெயர்ப்போடு சேர்ந்தே பிறந்தது.

அப்போது செக்வோயா மிசிசிப்பிக்கு மேற்கே ஆர்க்கன்சா பகுதிக்குக் குடிபெயர்ந்திருந்தார். 1828இல் அப்பகுதிச் செரோக்கியரின் தூதுக்குழுவில் ஒருவராக வாஷிங்டன் சென்றார். அங்கு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஆர்க்கன்சா செரோக்கியர் மேலும் மேற்கே செல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டு செக்வோயா ஸ்கின் பேயூ என்னும் வட்டாரத்தில் செதுக்கிய மரங்களை அடுக்கி வீடு கட்டினார்; ஓர் அறையும் கல்லாலான கணப்படுப்பும் கொண்டது அது. கிழக்கே எஞ்சியிருந்தவர்கள் 1838-39இல் படையினரால் வெளியேற்றப்பட்டனர். கண்ணீர்ப் பாதை எனப்படும் அப்பயணத்தில் ஏறத்தாழ 16,000 பேரில் சுமார் 4,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடுவர். முன்பே மேற்கில் குடியேறியவர்களையும் புதிதாக வந்தவர்களையும் 1839இல் ஓரரசின்கீழ் இணைத்த முயற்சியில் செக்வோயாவுக்கும் பங்கு உண்டு.

புதிய மண்ணில் எழுத்து தழைத்தது. வொர்செஸ்டர் பார்க் ஹில் என்னுமிடத்தில் அச்சகம் நடத்தினார். 1844இல் தாலிக்குவாவிலிருந்து 'செரோக்கி அட்வகேட்' வெளிவந்தது. இன்றைய ஓக்லகோமாவின் எல்லைக்குள் தோன்றிய முதல் செய்தித்தாள் இதுவேயாகும். 1851இல் ஸ்கின் பேயூ வட்டாரத்துக்குச் செக்வோயா என்று பெயரிடப்பட்டது.

5. வீட்டின் நிலை: 1855-1936

1855இல் ஜார்ஜ் பிளேர் என்பவர் இவ்வீட்டை வாங்கினார். அவர் குடும்பத்தாரிடம் இது எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இக்காலத்தில் செரோக்கி மக்களின் நிலை முற்றிலும் மாறியது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் அவர்களுடைய நீதிமன்றங்கள் ஒழிக்கப்பட்டன. பொதுநிலம் தனியார் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. 1906இல் 'செரோக்கி அட்வகேட்' நின்றுபோனது. 1907இல் ஓக்லகோமா மாநிலம் உருவாயிற்று.

எழுத்துக்குரிய மக்களின் நிறுவனங்கள் கலைக்கப்பட்ட அதே ஆண்டுகளில் எழுத்தைப் படைத்தவரின் புகழ் வளர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பழங்குடியினர் 1905இல் தமக்கெனத் தனி மாநிலம் கோரியபோது அதற்குச் செக்வோயா என்றே பெயரிட்டனர். அமெரிக்கக் காங்கிரசு அக்கோரிக்கையை ஏற்கவில்லை. புதிய மாநிலத்தில் ஒரு மாவட்டம் அப்பெயரைப் பெற்றது. 1917இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் ஓக்லகோமாவின் சார்பில் செக்வோயாவின் சிலை நிறுவப்பட்டது. அவருடைய எழுத்தைப் பள்ளியில் கற்பிக்கவோ செய்தித்தாளில் அச்சிடவோ அப்போது செரோக்கியரிடம் அரசு அமைப்பு இல்லை. தேவாலயங்களிலும், கடிதங்களிலும், மருத்துவர்களின் குறிப்பேடுகளிலும் மட்டுமே அது தொடர்ந்து வழங்கியது.

6. வரலாற்றுக் கழகத்தின் பணி

ஓக்லகோமா வரலாற்றுக் கழகம் 1893ஆம் ஆண்டு மே மாதம் கிங்ஃபிஷர் என்னும் ஊரில் செய்தித்தாள் நடத்துவோர் கூடி அமைத்ததாகும். அப்பகுதியில் வெளிவரும் செய்தித்தாள்களைத் திரட்டி வைப்பது அதன் தொடக்க நோக்கமாக இருந்தது. பின்னர் ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், ஆய்விதழ் எனப் பணி விரிந்தது. கழகத்தின் ஆய்விதழ் 1921இல் தோன்றியது.

1930களில் இக்கழகம் செரோக்கி மரபு தொடர்பாக இரு பெரும் பொறுப்புகளை ஏற்றது. 1934இல் காங்கிரசு இயற்றிய சட்டத்தின்படி, செரோக்கியர் உள்ளிட்ட ஐந்து பழங்குடி அரசுகளின் ஆவணங்கள் கழகத்தின் காவலில் வைக்கப்பட்டன. வரலாற்றறிஞர் கிராண்ட் ஃபோர்மன் இம்முயற்சியில் முன்னின்றார். அவர் எழுதிய செக்வோயா வரலாறு 1938இல் வெளிவந்தது. 1936இல் மரவீடு பிளேர் குடும்பத்தாரிடமிருந்து வாங்கப்பட்டது. அக்காலப் பொருளாதார நெருக்கடியில் வேலையற்றோருக்குப் பணி வழங்க ஏற்பட்டிருந்த கூட்டரசுத் திட்டத்தின்கீழ், மரவீட்டை முழுவதுமாக உள்ளடக்கும் கற்கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது. 1965இல் இவ்வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

வீட்டுக்குள் வீடு என்னும் இவ்வமைப்பு கழகத்தினது பணியின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. மழையும் வெயிலும் படாமல் 1829ஆம் ஆண்டின் மரங்கள் இன்றளவும் நிலைத்திருப்பதற்கு அக்கற்கட்டடமே காரணம். செரோக்கியரிடம் முழு அதிகாரம் கொண்ட அரசு இல்லாதிருந்த காலத்தில் இதனைச் செய்ய வேறு அமைப்பு முன்வரவில்லை. எனினும், கூரைக்குள் வைக்கப்பட்ட வீடு காட்சிப் பொருளாயிற்று. அதனைக் காண வந்தவர்கள் செக்வோயாவின் புகழை ஆங்கிலத்தில் கேட்டுச் சென்றனர்.

7. தாள்களும் படிப்போரும்

கழகம் காத்தவற்றுள் மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் வீட்டினும் முதன்மையானவை தாள்களே. செரோக்கி அரசின் ஆவணங்களுள் ஆங்கிலத்தில் அமைந்தவற்றோடு செரோக்கி எழுத்தில் எழுதப்பட்டவையும் உண்டு. மரத்தைக் காக்கத் தச்சரும் கூரையும் போதும். இத்தாள்கள் பொருள் தருவதற்குச் செரோக்கி அறிந்த வாசகர் வேண்டும்.

மேற்குறித்த எழுத்தமைப்பு இங்குத் தன் விளைவைக் காட்டுகிறது. குறில் நெடிலும் தொனியும் எழுத்தில் இல்லாமையால், பழைய கையெழுத்துப் படி ஒன்றில் ஒரே வரிவடிவத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசிப்புகள் அமையலாம். எவ்வாசிப்பு பொருந்தும் என்பதைத் தாய்மொழியாளர் சூழலைக் கொண்டு உடனே தீர்மானிக்கிறார். மொழியை ஏட்டில் மட்டும் கற்றவர் அவ்விடத்தில் தயங்கி நிற்க நேர்கிறது. பேசுவோர் மறையுந்தோறும் காப்பகத்திலுள்ள தாள்களும் சிறிது சிறிதாக மௌனமாகின்றன.

இதனை உணர்ந்து செயற்பட்டவர்கள் செரோக்கியருள் இருந்தனர். ஜாக் கில்பாட்ரிக், அன்னா கில்பாட்ரிக் இணையர் கடிதங்கள், குறிப்புகள் முதலிய எளிய மக்களின் எழுத்துகளை மொழிபெயர்த்து 1965இல் 'செக்வோயாவின் நிழல்' என்னும் பொருள்படும் தலைப்பில் நூலாக்கினர். டர்பின் ஃபீலிங் தொகுத்த செரோக்கி - ஆங்கில அகராதி 1975இல் வெளிவந்தது. எழுத்தில் இடம்பெறாத தொனியை அவர் எண்களால் குறித்தமை அவ்வகராதியின் தனிச்சிறப்பாகும். செரோக்கியைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் செவியறிவு அதனால் எழுத்தில் நிலைபெற்றது. 1829ஆம் ஆண்டு மரங்களுக்குக் கற்கட்டடம் செய்ததை, பழைய தாள்களில் உள்ள சொற்களுக்கு இவ்வகராதி செய்தது எனலாம்.

8. கைமாற்றம்

1963இல் செரோக்கியர் தமக்கென ஒரு வரலாற்றுக் கழகத்தை நிறுவினர். தாலிக்குவாவை அடுத்த பார்க் ஹில்லில், 1887இல் தீக்கிரையான செரோக்கிப் பெண்கள் கல்விக்கூடத்தின் தூண்கள் நின்ற இடத்தை அது தேர்ந்துகொண்டது. 1967இல் பண்டைச் செரோக்கி ஊரின் மாதிரி ஒன்றும், 1975இல் அருங்காட்சியகமும் அங்குத் திறக்கப்பட்டன. 1971இல் செரோக்கியர் தம் முதன்மைத் தலைவரைத் தாமே தேர்ந்தெடுத்தனர். 1970களின் இடைப்பகுதியில் புதிய அரசமைப்பும் உருவாயிற்று. 1986இல் கிழக்குச் செரோக்கியர் டென்னசியில், நீரில் மூழ்கிய பிறப்பிடத்துக்கு அருகில் செக்வோயா அருங்காட்சியகத்தை அமைத்தனர்.

ஓக்லகோமா மாநில அரசின் நிதிக்குறைப்பால் மரவீட்டைத் தொடர்ந்து நடத்துவது வரலாற்றுக் கழகத்துக்குக் கடினமாயிற்று. 2016 நவம்பரில் செரோக்கி அரசு அதனை விலைக்கு வாங்கி அருங்காட்சியகமாக நடத்தலாயிற்று. பார்க் ஹில் நிறுவனமும் 2020இல் செரோக்கி அரசின் பொறுப்பில் வந்தது.

வீடு திரும்பிய அதே காலப்பகுதியில் மொழியின் நிலை கவலைக்கிடமாயிருந்தது. 2019 ஜூன் மாதத்தில் மூன்று செரோக்கி அரசுகளும் கூடி மொழிக்கு நெருக்கடி நிலையை அறிவித்தன. அப்போது தாய்மொழியாகப் பேசுவோர் ஏறத்தாழ 2,000 பேரே எனவும், அவர்களுள் பெரும்பாலோர் முதியோர் எனவும் கணக்கிடப்பட்டது. இவர்களுள் மிகப் பலரைக் கொண்ட அரசின் குடிப்பதிவில் மட்டும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இன்று இடம்பெற்றுள்ளனர் என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

எழுத்தின் நிலை சற்று வேறாக உள்ளது. 1999இல் யூனிகோடு குறியீட்டில் 85 செரோக்கி எழுத்துகள் இடம்பெற்றன. அச்சில் வழக்கிழந்த 86ஆவது எழுத்து 2015இல் சேர்க்கப்பட்டது. 2003இல் ஆப்பிள் கணினியிலும் 2010இல் அந்நிறுவனத்தின் கைப்பேசியிலும் செரோக்கி எழுத்து கிடைத்தது. 2001இல் செரோக்கியையே பயிற்றுமொழியாகக் கொண்ட குழந்தைகள் பள்ளி தொடங்கப்பட்டது. ஃபீலிங் 2020இல் மறைந்தார். அவர் பெயரிலான மொழி மையம் 2022இல் தாலிக்குவாவில் திறக்கப்பட்டது. கணினியில் எழுத்துக்கு இடம் கிடைப்பது பேசுவோரைத் தந்துவிடாது என்பதை அம்மையத்தின் தேவையே உணர்த்துகிறது.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம்.

முதலாவது, ஓக்லகோமா வரலாற்றுக் கழகம் செய்த பணி குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. உரியவர்கள் தம் உடைமையைப் பேணும் ஆற்றல் இழந்திருந்த காலத்தில் வீட்டையும் தாள்களையும் அது காத்தது. 2016இல் திரும்பப் பெறுவதற்கு ஒரு வீடு இருந்தமைக்கு அதுவே காரணம்.

இரண்டாவது, அத்தகைய கழகத்தின் காவல் பொருள்களோடு நின்றுவிடுகிறது. செக்வோயா விட்டுச் சென்ற மரபு எழுதுதல், படித்தல் என்னும் இரு செயல்களில் அமைந்தது. அச்செயல்களை வீட்டிலும், பள்ளியிலும், ஆட்சியிலும் தொடரச் செய்யும் அதிகாரம் மொழிக்குரிய மக்களிடமே இருத்தல் வேண்டும். அவ்வதிகாரம் பறிக்கப்பட்ட 1906க்கும் மீளப்பெற்ற 1970களுக்கும் இடைப்பட்ட காலமே செரோக்கி மொழிக்குப் பேரிழப்பை விளைத்தது. எந்த அருங்காட்சியகமும் அவ்விழப்பைத் தடுத்திருக்க இயலாது.

மூன்றாவது, எழுதப்பட்டவை அனைத்தும் காக்கப்பட்டனவாகிவிடும் என்னும் எண்ணம் திருத்தப்பட வேண்டியது. மொழியறிவைச் சார்ந்து படிக்கப்படும் எழுத்துமுறைகளில் ஆவணத்தைத் திரட்டும் பணியும் வாசகரை உருவாக்கும் பணியும் ஒரே காலத்தில் நடைபெறுதல் வேண்டும். சிறுபான்மை மொழிகளின் கையெழுத்துப் படிகளைத் தொகுக்கும் நிறுவனங்கள், அவற்றைப் படிக்கவல்ல தாய்மொழியாளரைக் கொண்டு ஒலிப்பதிவும் மொழிபெயர்ப்பும் உடனுக்குடன் செய்வித்தல் இன்றியமையாதது.

ஏகின்ஸ் அருகே உள்ள மரவீடு 1829 முதல் செக்வோயா, பிளேர் குடும்பத்தார், வரலாற்றுக் கழகம் எனக் கைமாறிச் செரோக்கி மக்களையே அடைந்துள்ளது. செரோக்கிக் குழந்தைகள் அங்குச் சென்று சுவரில் எழுதப்பட்டுள்ள தம் மொழிச் சொற்களைப் பிறர் துணையின்றிப் படிக்கும் நாளில்தான் அவ்வீட்டைப் பேணிய அனைவருடைய பணியும் நிறைவெய்தும்.